மலைமேல் குளிராத பிரிட்ஜும் ஒரு நர்ஸும்

1. ஏழு கார்டு

கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆபீஸர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு கத்தை தபால் கார்டை எடுத்து என் முன்னால் போட்டார். மொத்தம் பதினொன்று, எல்லாம் புகார். அதில் ஏழு ஒரே கையெழுத்து.

“மெட்ராஸா தம்பி?”

“ஆமா சார். பெரம்பூர்.”

“எத்தினி நாள் இருப்ப?”

“ஆறு மாசம் சார். அதுக்குள்ள டிரான்ஸ்பர் வாங்கிடுவேன்.”

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவரும் கோபப்படவில்லை. “உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க. போறதுக்குள்ள இந்தப் பொண்ணுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ. என் உயிர வாங்குது” என்றார்.

நான் ரெப்ரிஜிரேஷன் மெக்கானிக். மெட்ராஸில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஏ.சி., வாட்டர் கூலர் எல்லாம் பார்த்துவிட்டு, அரசாங்க வேலை என்ற ஆசையில் வந்தவன். அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்து வைக்கும் பிரிட்ஜ்களைப் பராமரிப்பது என் வேலை. பிரிட்ஜுக்குள் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏறினால் மருந்து வீண். வெளியிலிருந்து பார்த்தால் வீணான மருந்தும் நல்ல மருந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுதான் ஆபத்து.

ஏழு கார்டு எழுதியவர் கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ். பெயர் செந்தாமரை. மலைக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். “வந்தா வரும்” என்றார் டைம் கீப்பர். மூன்று மணி நேரம் நின்றேன். பெரம்பூரில் அந்த நேரத்துக்குள் பீச்சுக்குப் போய் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

2. “அந்த கேஸு எங்க போவுது?”

டூல் பாக்ஸோடு மலை ஏறி, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: “நீங்க எத்தினாவது?”

“என்ன எத்தினாவது, சிஸ்டர்?”

“மெக்கானிக்கு. இதுக்கு முன்ன ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு பிரிட்ஜ தட்டிப் பாத்துட்டு நல்லா கீதுன்னாரு. இன்னொருத்தரு தட்டக்கூட இல்ல.”

முப்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, கையில் இரண்டு விரல் தடிமனில் ஒரு நோட்டு. அதில் காலை, மாலை என்று தினமும் டெம்பரேச்சர் எழுதி வைத்திருந்தார். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் அந்த ஆஸ்பத்திரி இவர்தான்.

மலையில் வோல்டேஜ் நூற்று அறுபதைத் தாண்டாது. கம்ப்ரஸர் முனகிவிட்டு நின்றுவிடும். ஸ்டெபிலைசர் மாட்டினேன். குளிர் தரும் கேஸ் குறைவாக இருந்தது, நிரப்பினேன். ஜில்லென்று ஆனது. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இருபதாவது நாள் கார்டு: ‘பதினாலு டிகிரி. உடனே வரவும்.’

மறுபடி போய் கேஸ் நிரப்பினேன். மறுபடி கார்டு. மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. “கதவ அடிக்கடி திறந்தா இப்படித்தான் ஆகும், சிஸ்டர். மெட்ராஸ்ல எல்லாம் நர்ஸுங்க காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவதான் திறப்பாங்க” என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாம் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான்.

“மூணு வாட்டி கேஸ் போட்டுட்டீங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த கேஸு எங்க போவுது?”

எனக்குப் பதில் தெரியும். எங்கேயோ லீக். அதைக் கண்டுபிடிக்க பிரிட்ஜின் உள்கூட்டைக் கழற்றி, கேஸ் ஓடும் காயில் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவி, குமிழி கிளம்பும் இடத்தைத் தேடிப் பிரேசிங் வைத்து ஓட்டையைப் பற்றவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை. மலையில் தங்க வேண்டும். ஆறு மாசத்தில் கிளம்பப் போகிறவன் அதையெல்லாம் செய்வானா? “பாக்கலாம் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன். அந்தப் பஸ்ஸும் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது.

3. மரம் விழுந்த வாரம்

என் ஆறு மாசம் முடிந்து, இன்னொரு ஆறு மாசமும் ஓடியது. டிரான்ஸ்பர் மனுக்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் மறியல்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு வாரம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மரம் விழுந்த இடத்தில் கம்பியும் அறுந்து மலைக்கு கரண்ட் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மலையில் இரண்டு ஊர்களில் தட்டம்மை. ஒரு குழந்தை இறந்துவிட்டது. மலையிலிருந்த போலீஸ் வயர்லெஸ் வழியாக ஆபீஸுக்கு செய்தி வந்தது: ‘மருந்து இருக்கிறது. ஐஸ் இல்லை. நாளைக்கு மேல் தாங்காது. செந்தாமரை.’

ஆபீஸர் என்னைப் பார்த்தார். “ஜீப் போவாது தம்பி. என்னா பண்றது?”

எனக்கு எல்லார்மேலும் எரிச்சல். மரத்தின்மேல், மின்கம்பியின்மேல், ஒழுங்காக லீக் அடைக்காத என்மேலும்தான். லீக்கை அடைத்திருந்தால் அந்தப் பிரிட்ஜில் ஐஸ் கட்டியிருக்கும், கரண்ட் இல்லாமலும் ஒரு நாள் குளிர் தாங்கியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரி ஃப்ரீஸரில் இருந்த ஐஸ் பேக்குகளை ஒரு கோல்ட் பாக்ஸில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன்.

மரத்துக்கு மரம் இறங்கி, பாக்ஸை அவிழ்த்து, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி கட்டி. ஐந்து மரம் இப்படித் தாண்டினேன். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு ஊரில் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். கோடாலி வைத்திருந்த ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“எங்க சைக்கிள உருட்டிக்கினு வர்ற? மரம் கெடக்கறது தெரியல?”

“மலைக்குப் போறேன். தடுப்பு மருந்துக்கு ஐஸு.”

“கவர்மென்ட் சாமான் ஒண்ணும் தாண்டாது. திரும்பு.”

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. “உங்க நியாயத்த நீங்க கேளுங்கய்யா, நான் வேணாங்கல. ஆனா ஐஸு நிக்காது! இங்க பேசிக்கினு இருக்கும்போதே உருகுது. மேல புள்ளைங்க சாவுது. அந்த நர்ஸம்மா வேற, ஒரு மணி நேரம் லேட்டானா கார்டு எழுதியே என்னைக் கொன்னுடும்!”

கோடாலிக்காரரின் முகம் மாறியது. “எந்த நர்ஸு?”

“செந்தாமரை.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். கோடாலிக்காரர் சிரிக்கவில்லை. “அது என் தங்கச்சி” என்றார். அவர் பெயர் ஏழுமலை. கோடாலியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பாக்ஸை என் கேரியரிலிருந்து அவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

மலையடிவாரம் வரை அவர்தான் சுமந்தார். நடக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்: “நான் பத்தாவது பாஸு. நாலு வாட்டி இன்டர்வியூவுக்குப் போனன். எங்க தெருவுல கவர்மென்ட் வேலைல கீறது இவ ஒருத்திதான். இவளும் மலையில கெடக்கறா. மரம் வெட்றது எங்களுக்கு இன்னா வேண்டுதலா?”

நான்கு இன்டர்வியூவுக்குப் போனவரிடம், ஒரே இன்டர்வியூவில் வேலை வாங்கிவிட்டு அதையும் வேண்டாமென்று தினம் மனுப் போடுகிறவன் என்ன சொல்வது?

அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு, அவரிடமிருந்து பாக்ஸை வாங்கிக்கொண்டு, அங்கிருந்த அணையைத் தாண்டி மலைப்பாதையில் நான் தனியாக ஏறினேன். பாதித் தூரத்தில், ஒரு திருப்பத்தில், செந்தாமரை எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் மருந்து வைத்த சின்ன கேரியர் பெட்டி. காலில் செருப்பில்லை, அறுந்ததைக் கையில் வைத்திருந்தார். நான் கிளம்பிய செய்தி வயர்லெஸ்ஸில் கிடைத்ததும், வரும்வரை காத்திருந்தால் தாங்காது என்று பாதி வழி நடந்தே வந்திருக்கிறார்.

“இவ்ளோ நேரமா?” என்றார்.

எனக்குத் திட்டவும் மூச்சில்லை. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேரியரைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஏழு டிகிரி. மருந்து பிழைத்தது. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கோல்ட் பாக்ஸுக்கு மாற்றினார். கடைசிப் பாட்டிலை வைத்து மூடியபின், அங்கேயே பாதையில் உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல், ஒரு நிமிஷம். இறந்த குழந்தைக்கு அவர்தான் பிரசவம் பார்த்தவராம்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுந்திரிங்க. அந்த ஊருக்குப் போவணும். பெட்டிய நீங்கதான் தூக்கணும்” என்றார்.

இரண்டு நாள் தூக்கினேன். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஊர் ஊராகப் போனோம். ஊசி வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களிடம் அவர் வாசலில் நின்று பேசிய பொறுமையைப் பார்த்தேன். இந்தப் பொறுமையில் எனக்கென்று ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லையே என்று தோன்றியது. அதற்குமேல் புதிதாக ஒரு குழந்தையும் சாகவில்லை.

4. கார்டு வராத மாசம்

சாலை திறந்தது. நானாகவே லீவு போட்டு மலைக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். பிரிட்ஜைப் பிரித்தேன். காயிலின் வளைவில் ஊசிமுனை அளவு ஓட்டை. பிரேசிங் வைத்து, கேஸ் நிரப்பி மூடினேன். கிளம்ப நினைத்துக்கொண்டே வேலை செய்தவன் ஒரு வருஷமாக அந்த ஓட்டையைத் தேடவே இல்லை. இது திறமைக் குறைவல்ல; மனசு அங்கே இல்லை.

நான்காம் நாள் கையில் கரியோடு கேட்டேன். “சிஸ்டர், நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“மொதல்ல அந்த சிஸ்டர வுடுங்க” என்றார். பிறகு, “அண்ணன கேக்கணும்” என்றார்.

நாங்கள் வேறு வேறு சாதி. அந்த வருஷங்களில் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஏழுமலையிடம் நானே போய்க் கேட்டேன். அவர் கத்தவில்லை. “ஐஸு தூக்கனது வேற, பொண்ணு குடுக்கறது வேற. போயிட்டு வாங்க” என்றார்.

அதற்கப்புறம் ஒரு மாசம் மலையிலிருந்து கார்டே வரவில்லை. பிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று ஆபீஸர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாசம்தான், பழி தீர்ப்பதுபோல, என் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது. மெட்ராஸ். பெரம்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஆபீஸ்.

ஆர்டரோடு மலை ஏறினேன். செந்தாமரை அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “போறதுன்னா போங்க. நான் மலைய வுட்டு வரமாட்டன். அண்ணன் பேச்ச மீறி உங்கள கட்டிக்க மாட்டன்னு ஒரு மாசமா நெனச்சிக்கினு இருந்தன். அது முடியல. இனிமே நீங்கதான் சொல்லணும்.”

டிரான்ஸ்பரை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்தேன். ஆபீஸர் அதை இரண்டு தடவை படித்தார். “ஒரு வருஷமா இந்த ஆர்டருக்கு என் கழுத்த அறுத்தியேடா!” என்றார். பிறகு பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அவரே வந்தார்.

5. பதினொரு வருஷம்

கல்யாணத்தன்று ஏழுமலை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்றார். உள்ளே வரவில்லை. மாலையோடு செந்தாமரை சாலையைக் கடந்து போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

தங்கையோடு அடுத்த பொங்கலிலிருந்து பேச ஆரம்பித்தார். என்னோடு பதினொரு வருஷம் பேசவில்லை. நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். ஒருநாள் அவராகவே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“வூட்டுல பிரிட்ஜு வாங்கி மூணு மாசமா ஓடல. யார் யாரோ வந்து பாத்துட்டானுங்க. நீங்க வந்து பாருங்க.”

“மூணு மாசமா ஏன் சொல்லல?” என்று கத்திவிட்டேன். கம்ப்ரஸரை ஓட வைக்கும் ஒரு ரிலே போயிருந்தது. பத்து நிமிஷ வேலை.

அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். “இன்னான்னு வந்து சொல்றது?” என்றார் மெதுவாக.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓயாமல் கார்டு எழுதுகிறவர்கள்மேல் எரிச்சல் வரும், வரட்டும். அவர்கள் இடத்தில் மருந்து பிழைத்துக்கொள்ளும். ஒரு புகாரும் வராத இடம் எது என்று லிஸ்ட்டைப் பாருங்கள். கூப்பிடும்வரை காத்திருக்காமல் அங்கே முதல் பஸ்ஸில் போங்கள். பஸ் வராவிட்டால் நடந்து போங்கள்.