மீன் எண்ணெய்க் கரண்டி

வெள்ளைக்காரத் துரையின் காலம் அது. ஓவேலி எஸ்டேட்டில் பிள்ளைகள் தேறட்டும் என்று, கம்பவுண்டர் தினமும் காலையில் மீன் எண்ணெய் ஊற்றுவார். எல்லார் வாய்க்கும் ஒரே கரண்டிதான். என் தங்கைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. அம்மா அதை அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை கட்டினாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று எண்ணெயையும் நிறுத்தினாள். மூன்றாம் நாள் தடிப்பு அடங்கியது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம்.

“உட்ட நாளுக்கும் சேத்துக் குடிக்கோணும்” என்று கம்பவுண்டர் அவளுக்கு மூன்று கரண்டி ஊற்றினார். தடிப்பு திரும்பியது. உதடு வீங்கி மூச்சு அடைத்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

“கூழுல என்ன கொறை வெச்சேன், ஆத்தா?” என்று அம்மா சாமியிடம் அழுதாள்.

எண்ணெயை யாரும் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலை நானும் வரிசையில் நின்று, அதே கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.