தண்ணீர் வந்த அரைமணி நேரம்

கிர்ர்... கிர்ர்... கிர்ர்.

சென்ற மாதம் சிவாஜி நகர் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் மொபைல் அப்படி அடித்தது. பழைய கறுப்பு டெலிபோனின் மணியை மொபைலில் வைத்துக்கொள்வது இப்போது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப் பேசினாள். நான் என் நிறுத்தம் வரும் முன்பே இறங்கி, வெயிலில் நடந்தேன்.

பிரியமானவர்களே, சாட்சியை ஸ்தோத்திரத்தோடு தொடங்குவது நம் வழக்கம். என் ஸ்தோத்திரம் கொஞ்சம் பின்னால் வருகிறது. கசப்பான வழியில் நடந்து வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றேழாம் வருடம், மார்ச் மாதம். என் மகள் செகண்ட் பியூசி எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிப்படிப்பின் கடைசி வாசல் அது. அவளை இங்கே பியூலா என்று சொல்கிறேன். அது அவள் பேர் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கப்பா. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள்.

என் மனைவி மேபலுக்கு ஒரே ஒரு ஆசை. பியூலா டாக்டராக வேண்டும். ஆசை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "கர்த்தர் எனக்குச் சொல்லிட்டாருங்க" என்பாள். கர்த்தர் மேபலிடம் சொன்னதை மேபல் சபையில் சொன்னாள். அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு விஷயமாக இல்லை. சபைக் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் பெண்கள்கூட என் மகளை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பல் தெரியாது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பீடத்தின் மேல் வைப்பார்கள். போதகர் ஜெபித்து, பேனாவில் எண்ணெய் தடவித் தருவார். நீங்களும் அறிந்த வழக்கம்தான். முதல் பரீட்சையன்று அந்தப் பேனா பியூலாவின் விரலில் நிற்காமல் வழுக்கியது. பக்கத்துப் பெண்ணிடம் ஒரு பேனா வாங்கி எழுதிவிட்டு வந்தாள். சாயங்காலம் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அது தப்பா? ஜெபம் பண்ணாத பேனாவாச்சே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அடுத்தது சங்கிலி ஜெபம். எங்கள் மாதர் சங்கத்தில் அதை டெலிபோனில் செய்தார்கள். தொழிற்சாலையில் நான் ஷிப்ட் இன்சார்ஜ் என்பதால் எங்கள் வீட்டில் போன் இருந்தது. மேபல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்பாள். ஒரு சகோதரி கூப்பிட்டு அரைமணி நேரம் ஜெபிப்பார். இவள் இந்தப் பக்கம் ஆமென் சொல்வாள். அவர் வைத்ததும் அடுத்தவர் கூப்பிடுவார். யார் எந்த நேரம் என்று டீச்சரம்மா முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருந்தார். மாதர் சங்கத் தலைவி அவர். சபையில் எல்லோருக்கும் டீச்சரம்மா. பரீட்சை மணி அடித்தது முதல் முடியும் மணி வரை ஜெபம் அறுந்துவிடக்கூடாது. அதுதான் சட்டம்.

பரீட்சை இல்லாத நாட்களிலும் போன் ஓயவில்லை. பியூலா படித்துக்கொண்டிருப்பாள். கிர்ர் என்னும். அவள்தான் எழுந்துபோய் எடுப்பாள்.

"என்னா கண்ணு, எவ்ளோ முடிச்சே?"

"ரிவிஷன் போயிட்டிருக்கு ஆன்ட்டி."

"கெமிஸ்ட்ரிதான் கஷ்டமாமே? என் தங்கச்சி பொண்ணு அதுலதான் போச்சு. நீ பயப்படாதே. நாங்க அத்தனை பேரும் உனக்காக முழங்கால்ல நிக்கிறோம்ல?"

"சரி ஆன்ட்டி. தேங்க்ஸ் ஆன்ட்டி."

வைத்துவிட்டுப் புத்தகத்தின் முன் உட்காருவாள். பக்கம் புரளாது. ஒருநாள் போனின் மேல் தலையணையை வைத்து அமுக்கியிருந்தாள். மேபல் அதை எடுத்துப் போட்டு, "ஜெபிக்கிறவங்க வாயை அடைக்கப் பாக்கிறியா?" என்று கத்தினாள்.

கெமிஸ்ட்ரி நாள் வந்தது. நான் லீவு போட்டு உபவாசம் இருந்தேன். காலையில் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய்ப் பரீட்சை மையத்தின் கேட்டில் இறக்கினேன். கேட் முழுக்கப் பெற்றோர்கள். குங்குமம், விபூதி, தாயத்து, எலுமிச்சம்பழம், ஜெபமாலை. எல்லாச் சாமியும் அங்கேதான் கியூவில் நின்றது. அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் சங்கிலி தொடங்கிவிட்டது. மேபல் முழங்காலில். ரிசீவருக்குள்ளிருந்து ஒரு குரல் தேனீபோல இரைந்துகொண்டிருந்தது. ஒரு குரல் ஓய்ந்தது. உடனே மணி. இன்னொரு குரல். நான் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பசி, வெயில், ஆமென், ஆமென்.

பிறகு எஸ்தரின் முறை.

எஸ்தர் ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவளுக்குப் போன் கிடையாது. கீழே வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட வேண்டும். போன் வரவில்லை. மேபல் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"பாத்தீங்களா? எம்பொண்ணு அங்க எழுதிக்கிட்டு இருக்கா, இவளுக்கு நேரம் தெரியல."

"நீயே ஜெபியேன் மேபல்."

"சங்கிலின்னா சங்கிலிங்க. அறுந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது."

அன்று காலை முதல் அந்த வீட்டில் முதல்தடவையாக அமைதி இருந்தது. தெருவில் கீரைக்காரி "சொப்பு சொப்பு" என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போனது கேட்டது. எனக்கு அது சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது மணி அடித்தது.

"நீங்க எடுங்க. லேட்டா வந்ததுக்கு நல்லா நாலு வார்த்தை கேளுங்க" என்றாள் மேபல், கண்ணைத் திறக்காமலே.

எடுத்தேன். "என்னம்மா எஸ்தர்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்பா, நான் உள்ள போகல. ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா? அம்மாகிட்ட குடுக்காதீங்க."

வைத்தேன். மேபல், "யாரு, எஸ்தரா?" என்றாள். "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன். நான் ஸ்கூட்டரை உதைக்கும்போது உள்ளே மறுபடி மணி அடித்தது. அடுத்த சகோதரி. ஜன்னல் வழியாக என் மனைவியின் அழுகைக் குரல் தெருவுக்கு வந்தது: "கர்த்தாவே, இப்போ அவ கையைப் பிடிச்சு எழுத வைங்கப்பா..."

அந்த வரியைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன். அன்றைக்கு நான் செய்த ஜெபத்துக்கு வார்த்தை கிடையாது. "இரு, இரு, இரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். மகளிடம் சொன்னேனா, கர்த்தரிடம் சொன்னேனா, இன்றுவரை தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடை. அதில் காசு போட்டுப் பேசும் சிவப்பு டெலிபோன். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்திருந்தார் கடைக்கார பாய். கையில் தொடாத டீ. மேலே ஏடு கட்டியிருந்தது.

பாய் என்னைப் பார்த்ததும் எகிறினார். "நீதான் அப்பாவா? இன்னா சார் வூடு அது? அப்டி இன்னாதான் பேசிக்கினே இருக்கீங்க? பொண்ணு போடுது, எங்கேஜ். போடுது, எங்கேஜ். விட்டுட்டுப் பிளாட்பாரம் பக்கமா நடந்துச்சு. மூஞ்சியே சரியில்ல சார். நான்தான் கூப்ட்டேன். காசுதான் திரும்பி வுழுந்துடுச்சேம்மா பேட்டி, இன்னொரு வாட்டி போட்டா இன்னா போச்சுன்னேன்."

பிரியமானவர்களே, எங்கேஜ் என்றால் காசு திரும்பி விழும். என் மகள் பிழைத்தது அதனால். எங்கள் லைன் முழுக்க ஜெபத்தால் நிரம்பியிருந்தது. அதற்குள் அவள் நுழைய இடமில்லை.

பிளாட்பாரத்தின் பெஞ்சில் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு வண்டி நிற்காமல் போனது. பெஞ்ச் அதிர்ந்தது. அவள் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எதற்காக இங்கே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவளே சொன்னாள். "ஃபெயிலாவேன்னு பயமில்லப்பா. ஃபெயிலானா அத்தனை பேர் ஜெபிச்சதும் பொய்யாயிடுமே. என்னால கர்த்தர் பொய்யாயிடுவாரேன்னு பயமா இருந்துச்சு."

பதினேழு வயசுப் பிள்ளை. தோளில் கெமிஸ்ட்ரியைத் தூக்கலாம். கடவுளின் மானத்தைத் தூக்க முடியுமா? அதைத் தூக்கச் சொன்னது நாங்கள். அன்போடு சொன்னோம். அதுதான் எனக்கு இன்றும் செரிக்கவில்லை. யாரிடமாவது துளி வெறுப்பு இருந்திருந்தால் அவரைப் பார்த்துக் கோபப்பட்டாவது ஆறியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தோம். பரீட்சை முடிய இன்னும் நேரம் இருந்தது. மேபல் முழங்காலில் இருந்தாள். வாசலில் மகள் நிற்பதைப் பார்த்தாள். ரிசீவர் கையிலேயே இருந்தது. அதற்குள் யாரோ சகோதரி, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை ஞாபகப்படுத்தும்படி கர்த்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி அதைக் கேட்டார்கள். பிறகு மேபல் ரிசீவரை வைத்தாள். "வருஷம் போச்சே" என்றாள். அவ்வளவுதான். மகளைத் தொடவில்லை. அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்தில் எஸ்தர் மாட்டிக்கொண்டாள். டீச்சரம்மா, சுற்றிலும் சகோதரிகள்.

"சங்கிலி உன் நேரத்துலதான் அறுந்துச்சு. அந்த இடைவெளியிலதான் சாத்தான் நுழைஞ்சிட்டான்."

எஸ்தர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "தண்ணி வந்துடுச்சுண்ணா. ரெண்டு நாளா குழாய்ல சொட்டு இல்ல. போன் பண்ண இறங்கி வர்றேன், குழாய்ல சத்தம் கேட்டுச்சு. நாலு குடம் புடிச்சிட்டு ஓடிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள வரிசையில சண்டை. மன்னிச்சிடுங்கண்ணா, பாப்பாவோட வாழ்க்கையை நான் கெடுத்துட்டேன்."

"ஜெபத்தை விட உனக்குக் குடம் பெருசு" என்றார் ஒரு சகோதரி.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்று வந்தது.

"டீச்சரம்மா, அந்த இடைவெளியில சாத்தான் வரல. என் மக வந்தா."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

இதுதான் என் சாட்சி. நாங்கள் காலையெல்லாம் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. கேட்கத் தெரியாமல் போனதைக் கொடுத்தார். அதைக் கொடுப்பதற்கு எங்கள் வாய் சற்று ஓயும்வரை காத்திருந்தார். ஆஸ்டின் டவுன் குழாயைத் திறந்தார். ஒரு பாயை ஸ்டூல் எடுத்துப் போடவைத்தார். ஸ்தோத்திரம். இதோ, வந்துவிட்டது. முழு மனதோடு சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்கிறேன்.

பியூலா மறுபரீட்சையில் பாஸானாள். சுமாரான மார்க்கு. மெடிக்கல் இல்லை. மேபல் சபையில் எழுந்து, "சிறு தடங்கலுக்குப் பின் கர்த்தர் ஜெயம் தந்தார்" என்று சாட்சி சொன்னாள். ஸ்டேஷன் அதில் இல்லை. எஸ்தர் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளும் தட்டினாள். எஸ்தர் சில மாதங்களில் வேறு சபைக்குப் போய்விட்டாள். அவளை யாரும் தேடவில்லை. நான் ஒருமுறை தேடிப் போனேன். வீடு மாறியிருந்தாள்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம், சென்ற ஞாயிறு மறுபடி பரீட்சைக்காலச் சங்கிலி ஜெபத்துக்குப் பேர் கேட்டார்கள். பேர் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஜெபத்தில் எனக்குள்ள நம்பிக்கை குறையவில்லை. கூடியிருக்கிறது. முன்பெல்லாம் நிறையப் பேசுவேன். இப்போது ஆமென் சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உங்களையும் அங்கேதான் கூப்பிடுகிறேன். உங்கள் பிள்ளையை அவர் கையில் ஒப்புக்கொடுத்தால், நிஜமாகவே ஒப்புக்கொடுங்கள். மார்க்கையும் சேர்த்து. அவர் மானத்தை அவர் பார்த்துக்கொள்வார். அதற்கு உங்கள் பிள்ளை தேவையில்லை.

பியூலா மைசூரில் சரித்திரம் படிக்கப் போனாள். அவளே தேர்ந்தெடுத்தது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு மேபலும் வந்தாள். அம்மாவும் மகளும் அந்த மார்ச்சுக்குப் பிறகு சாப்பாடு, துணி, தண்ணீர் தவிர வேறு பேசியதில்லை. பெட்டியை மேலே ஏற்றினேன். கண்டக்டர் "ஹொரடோணா, ஹொரடோணா" என்று கன்னடத்தில் கிளம்பச் சொல்லிப் பஸ்ஸின் முதுகில் தட்டினார். மேபல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு ஜெபத்துக்குப் போவதுபோல அசைந்தது, நின்றது. பிறகு என் மனைவி, வாழ்க்கையில் முதல்தடவையாக, அனுமதி கேட்டாள்.

"உனக்காக ஜெபிக்கட்டுமாடி?"

பஸ் நகர்ந்தது. மேபலும் கூடவே நடந்தாள். பியூலா கம்பியின் மேல் இருந்த அம்மாவின் விரல்களைத் தன் கையால் மூடினாள்.

"ஜெபிங்கம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."