ரப்பர் அக்காவின் இடது கன்னம்

போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் முகத்தைச் சுத்தம் செய்வதுதான் அவள் பிழைப்பு. பருவை எடுப்பாள், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எடுப்பாள், கேட்டால் தாடைச் சதையையும் கொஞ்சம் இழைத்துவிடுவாள். கடையில் ‘ரப்பர் அக்கா’ என்றே பெயர். ஐம்பதைத் தாண்டியவளுக்கு மனித முகத்தின் மேல் மரியாதை என்று ஒன்றும் மிச்சமில்லை. “இயற்கையா இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டு வருகிற மகாராணிகள்தான் அதிகம் அழிக்கச் சொல்வார்கள்.

இவளிடம் போய் நாத்தனார் முகக் க்ரீம் விற்க வந்தாள். கண்ணாடி டப்பா, தங்க நிற மூடி, விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

“இதுல ஒரு சுருக்கம் போச்சுன்னா நான் பேரை மாத்திக்கறேன்” என்றாள் ரப்பர் அக்கா.

“போட்டுத்தான் பாருங்களேன் அண்ணி. பலன் தெரியலைன்னா மிச்ச டப்பாவக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்குங்க. தெரிஞ்சா உங்க கடை வாசல்ல என் போஸ்டர ஒட்டணும்.”

நாத்தனாரின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி வராது. இடது கன்னத்தில் மட்டும் பூசுவது, வலது கன்னத்தைச் சும்மா விடுவது, வாராவாரம் ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்து தன்னையே ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தாள்.

வேலை முடிந்து வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசுவாள். நாளெல்லாம் மவுஸைத் தட்டி மரத்த விரல் கன்னத்தில் மெல்ல வட்டமிடும். குளிர்ச்சி உள்ளே இறங்கும். கண் தானாக மூடிக்கொள்ளும். “ஏமாறுறவளுக்கு வந்த சொகத்தப் பாரு” என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசுவாள்.

டப்பா பாதி தீர்ந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடைசிப் படத்தில் இடது கன்னத்தில் ஒரு கோடுகூட இல்லை! தோற்றுப்போனோமே என்று போனைக் கையில் எடுத்தவள், வலது கன்னத்தைப் பார்த்தாள். க்ரீம் வாசனையே படாத அந்தக் கன்னமும் வழவழவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து தாடையில் இருந்த மச்சத்தையும் காணோம்.

எந்தக் க்ரீம் மச்சத்தை எடுக்கும்? திரையில் முகம் வந்தால் புத்தியைக் கேட்காமலே கை அழித்துவிடும். அத்தனை வருடப் பழக்கம்; தன் முகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கேமராவில் இருந்த அசல் படத்தைத் திறந்தாள். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரிச் சுருக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது, படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அசல் படங்களை மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“உப்புக்குப் பிரயோஜனம் இல்ல. ஊரு காதுல பூ சுத்தறத இனிமேலாவது நிறுத்து.”

நாத்தனாருக்கு முகம் தொங்கிவிட்டது. “சரி அண்ணி, தோத்துட்டேன். டப்பாவக் குடுங்க.”

ஜெயித்தவளின் கை நீளவில்லை. டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடுக்க மாட்டேன்.”

“பலன்தான் இல்லன்னீங்களே!”

“இல்லதான்.” தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் பொங்கியது. “கண்ட கண்ட மூஞ்சியெல்லாம் நாள் பூரா நான் தடவிக் குடுக்கறேன். என் மூஞ்சிய யாருடி தடவறா? உன் அண்ணனா? அவரு கை ரிமோட்ட விட்டு எறங்கினாத்தானே! இந்தப் பாழாப்போன க்ரீம் ஒண்ணுத்துக்கும் ஆகல. ஆனா பூசற நேரம் எனக்கு நல்லா இருக்கு. போதுமா?”

நாத்தனாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூடத்தில் அண்ணன் சேனல் மாற்றும் சத்தம் கேட்டது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே; குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடுத்த டப்பா, எனக்கு வர்ற விலைக்கே தரட்டுமா அண்ணி?”

“தூ!” என்றாள் ரப்பர் அக்கா. பிறகு, “ரெண்டா கொண்டா” என்றாள்.