நான்கு மூலை மஞ்சளும் சுகன்யாவின் விசா நீட்டிப்பும்

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை செங்கல்பட்டு மாவட்டத்தை ஒரு சுற்று சுற்றிவந்தேன். ரயில், பிங்க் பஸ், ஷேர் ஆட்டோ, டூரிஸ்ட் வேன் என்று எல்லாவற்றிலும் ஏறியாகிவிட்டது. ஊர் பார்க்கப் போகவில்லை. மெல்போர்னில் படிக்கும் என் தோழி சுகன்யாவின் மாணவர் விசாவை நீட்டிக்க இரண்டு தாள்கள் வேண்டியிருந்தன. அவற்றை வாங்கி ஸ்கேன் எடுத்து அனுப்பத்தான் போனேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக இங்கே ஆவணம் தேடி அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்தேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுகன்யா மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல வயிற்றெரிச்சல். பொத்தேரிக் கல்லூரியில் நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில், ஒரே ஏஜென்ட் மூலம், ஒரே யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்தோம். என் மதிப்பெண் 8.6, அவளுடையது 7.4. அவளுக்கு விசா வந்தது. எனக்குக் கடிதம் வந்தது. நான் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். 8.6 எடுத்தவள் வேறு எதற்கு வருவாள், டிராம் ஓட்டவா? அவள் விமானம் ஏறினாள். நான் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து அவள் போடும் ஸ்டேட்டஸ் ஒன்று விடாமல் பார்க்கிறேன். அவள் "இங்க குளுருதுடி" என்று குறைப்பட்டுக்கொண்டால் அந்தக் குளிர் மேல்கூட எனக்குப் பொறாமைதான்.

அவளுடைய ஆய்வு வேலை ஒரு செமஸ்டர் நீண்டுவிட்டது. யுனிவர்சிட்டியிலிருந்து அதற்கான கடிதம் வியாழக்கிழமைதான் அவள் கைக்கு வந்தது. விசா வெள்ளி நள்ளிரவோடு முடிகிறது. மெல்போர்ன் நள்ளிரவு என்றால் இப்போதைக்கு நமக்கு மாலை ஆறரை. அதற்குள் விண்ணப்பத்தைப் போட்டாக வேண்டும். இரண்டு தாள்களில் ஒன்று அவள் அப்பாவின் வங்கி இருப்புச் சான்று. இன்னொன்று, மகளின் செலவை நான் ஏற்கிறேன் என்று அவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடும் பிரமாணப் பத்திரம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத் தாள்களைப் பின்னால் சேர்க்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சுகன்யா அந்த விஷப்பரீட்சைக்குத் தயாராக இல்லை.

அப்பா வேன் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு மாமல்லபுரம் சவாரி. அம்மாவுக்கு வங்கி என்றாலே பயம். வேறு யார்? "நீதாண்டி இந்தப் பேப்பரையெல்லாம் கரைச்சுக் குடிச்சவ" என்றாள் சுகன்யா. கரைத்துக் குடித்தவள் செங்கல்பட்டில் இருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. லீவு போட்டேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் கழுத்தில் பைனாகுலரும் கையில் பீரங்கி மாதிரி கேமராவுமாக ஒரு கூட்டம் இறங்கி, வேடந்தாங்கலுக்கு வண்டி விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ கடல் தாண்டி வருகிற பறவைகளைப் பார்க்கப் போகிறார்கள். அந்தப் பறவைகளை யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. காலையிலேயே என் மனநிலை இப்படித்தான் இருந்தது. 9.10 மின்சார ரயிலில் பொத்தேரிக்கு ஐந்து ரூபாய். இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம்.

நாங்கள் படித்த காலத்தில் கல்விக்கடனுக்காகத் தொடங்கிய கணக்கு என்பதால் வங்கி பொத்தேரியிலேயே இருக்கிறது. பத்து மணிக்குத் திறந்தார்கள். அவள் அப்பா முந்தின நாளே என் பெயரைச் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. ஒரு பெண் அதிகாரி தாளை அச்செடுத்து, மேலே வலது மூலையில் ஜெல் பேனாவால் தேதி எழுதி, கீழே வலது மூலையில் கையெழுத்துப் போட்டு ஊதா மையில் சீல் குத்திக் கொடுத்தார். "மை காயட்டும், உடனே மடிச்சுடாதீங்க" என்றார். பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி 10.40.

பொத்தேரியிலிருந்து வண்டலூருக்கு மறுபடி ரயில், இன்னொரு ஐந்து ரூபாய். அங்கிருந்து கேளம்பாக்கம் 18 கிலோமீட்டர். பிங்க் பஸ் கிடைத்ததால் எனக்கு இலவசம். ஆண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும், பொறாமைப்படாதீர்கள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். சுகன்யா வீட்டு வாசலில் நின்றபோது மணி 12.40.

அவள் அப்பாவின் ஆதார் ஒரிஜினல் வீட்டில் இருந்தது. நோட்டரிக்குக் காட்ட அது வேண்டும். அதற்காகத்தான் கோவளம்.

"வாம்மா கலை, வெயில்ல வந்துகினு கீற. மொதல்ல உக்காந்து சாப்டு, அப்பால பேப்பரு" என்றார் அவள் அம்மா. தை வெள்ளி என்பதால் வீட்டில் மீன் இல்லை. சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே ஃபிரிட்ஜ். அதன் மேல் கங்காரு பொம்மை, அதற்குக் கீழே டிராமுக்கு முன்னால் நின்று சிரிக்கும் சுகன்யா. எங்கள் வீட்டு பீரோவில் அந்த மறுப்புக் கடிதம்தான் இருக்கிறது.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா ஃபைலை எடுத்துக்கொண்டு சாமி அலமாரிக்குப் போனார். தாளை உருவி மனைப்பலகை மேல் வைத்தார். காலைப் பூசைக்குக் குழைத்த மஞ்சள் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகையோ வீட்டுப் பத்திரமோ வேலை உத்தரவோ, எது வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் வெளியே போகாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

முதலில் இடது மேல் மூலை. அங்கே எழுத்து ஒன்றும் இல்லை. அடுத்து இடது கீழ் மூலை. அங்கேயும் இல்லை. அவர் விரலை மறுபடியும் கிண்ணத்தில் தோய்த்தார். அடுத்தது வலது மேல் மூலை, ஜெல் பேனா தேதி. அதற்கு அடுத்தது சீல்.

"அங்க வேணாம்மா" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் சோறு இருந்தது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறெல்லாம் எப்போதோ விழுங்கியாகிவிட்டது. நான் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன். அந்த டிராம் போட்டோவைப் பார்த்தேன், மறுபடி அவர் விரலைப் பார்த்தேன். மஞ்சள் தேதி மேல் இறங்கியது. பிறகு சீல் மேல். அதன் மேல் குங்குமம். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தாளை ஃபைலில் செருகி என் கையில் கொடுத்தார். ஆதார் கார்டையும் கொடுத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு 1.20க்குக் கிளம்பினேன்.

கோவளம் நிறுத்தத்திலிருந்து மாமல்லபுரம் இருபது கிலோமீட்டர். ஈசிஆர் பஸ்ஸில் முப்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் பாதி வழி கடல் தெரியும். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஃபைலைத் திறந்து பார்க்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு மாமல்லபுரம். வெள்ளைக்காரர்கள் இளநீர் குடித்துக்கொண்டு போனார்கள். உண்மையிலேயே சிற்பம் பார்க்கத்தான் வருகிறாயா என்று இவர்களை யாராவது கேட்டிருப்பார்களா? சுகன்யாவின் அப்பா வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கடற்கரைக் கோயிலில் விட்டுவிட்டு நோட்டரி அலுவலகத்தில் காத்திருந்தார். பிரமாணப் பத்திரம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பத்திரத்தாளும் நோட்டரியும் சேர்த்து ஐந்நூறு ரூபாய், அவரே கொடுத்தார். பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. கலர் ஸ்கேன் ஒரு பக்கத்துக்கு இருபது ரூபாய்.

கடைக்காரர் வங்கித் தாளை உருவினார். "இன்னா மேடம் இது, சாம்பாரு ஊத்திகினியா? தேதி எங்க கீது? சீலும் மெழுவி வுட்ட மாரி கீது."

தேதி இருந்த இடத்தில் நீலமும் மஞ்சளும் கலந்து ஒரு பச்சைத் திட்டு. சீலில் வங்கியின் பெயர் ஊதாச் சேறாகிவிட்டிருந்தது. எனக்கு ஒரு நொடி இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. போட்டோ எடுத்துச் சுகன்யாவுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்தாள்.

இரண்டு வருட ஸ்டேட்டஸில் இல்லாத முகம் அது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அழுக்கான ஒரு ஸ்வெட்டர். பின்னால் ஒரே அறையில் கட்டிலும் அடுப்பும். "தேதியே தெரியலடி. இத எப்படிப் போடுறது? இன்னிக்குப் போடலன்னா நான் கிளம்பித்தான் ஆகணும், கலை. படிப்பு பாதியில நின்னுடும்" என்றாள். அவள் அழவில்லை. அழுதது நான்.

"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? மணி ரெண்டே முக்கா. வண்டில ஏறு" என்றார் அவள் அப்பா. தெரிந்த டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டு, தன் சவாரிக் குடும்பத்தைக் கூட்டிப்போய் விடச் சொன்னார். அன்றைய வாடகை அந்த டிரைவருக்குப் போயிற்று.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து பொத்தேரி இன்னும் பதினாறு. தை வெள்ளி என்பதால் திருக்கழுக்குன்றத்தில் கோயில் கூட்டம், பத்து நிமிடம் நகரவே இல்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே அவர் சொன்னார். "அவங்கம்மாவுக்கு எத்தினி வாட்டி சொல்லிகீறேன், ஒரிஜினல தொடாதன்னு. கேட்டாத்தானே? நல்லவேள நீ கூட இருந்த. இல்லாட்டி எம் பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தன் மனைவியைத் திட்டிக்கொண்டு வந்ததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் வைத்தபோது பேசாமல் இருந்ததைவிட இதுதான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

4.05க்குப் பொத்தேரி. வங்கி ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். காலையில் பார்த்த அதே அதிகாரி பையை மாட்டிக்கொண்டு நின்றார். தாளைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் ப்ரமோஷன் ஆர்டர்ல எங்க அம்மா செஞ்ச வேலைதான் இது" என்று சொல்லிப் பையைக் கழற்றி வைத்தார். இந்த முறை தேதியையும் டைப் அடித்தார். சீல் மை காயும்வரை ஃபேனுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். 4.35க்கு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஸ்கேன் எடுத்து, 4.50க்கு அனுப்பினேன். 5.10க்குச் சுகன்யாவிடமிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. முடிவு வரும்வரை அவள் அங்கேயே இருந்து படிக்கலாம். "நீ மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்து நீளமாக எழுதியிருந்தாள். நான் பாதிக்கு மேல் படிக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வங்கிச் சான்றில் தேதியைக் கையால் எழுத விடாதீர்கள், டைப் அடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள், பெரும்பாலும் கேட்டால் கொடுப்பார்கள். தாள் கைக்கு வந்ததும் வங்கிக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள், ஊர்வலமாகக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் வைக்காதே என்று எந்த அம்மாவிடமும் சொல்ல முடியாது. ஜெராக்ஸில் வைக்கச் சொல்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. என் கையிலிருந்து போனது, மதியச் சாப்பாட்டைச் சுகன்யா வீட்டில் முடித்துக்கொண்டதால், இருநூறு ரூபாய்கூட இல்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த ஒற்றை அறையும் அடுப்பும்கூட எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் ரயிலில் வீடு திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

பதிவு இதோடு முடிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் சுகன்யாவின் அம்மா போன் செய்தார். வீட்டில் நல்ல சண்டை நடந்திருக்கிறது, குரல் கம்மியிருந்தது. "என் கைராசி அப்டிம்மா. இனிமே அவ பேப்பரு எதையும் நான் தொட மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோவளம் போனேன். அதே வழி, நடுவில் பொத்தேரியில் இறங்க வேண்டியதில்லை என்பதால் ஒரு மணி நேரம் மிச்சம். அம்மா கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் தேதி மேல் படப்போகிறது என்று எனக்குத் தெரியும், சொல்ல நேரமும் இருந்தது, பொறாமையில் பேசாமல் இருந்தேன், வேனில் உங்களுக்குத் திட்டு விழுந்தபோதும் பேசாமல் இருந்தேன், உங்கள் கை மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன்.

அவர் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நீ சாப்டாம என் கையவே பாத்துகினு இருந்தத நானும் பாத்தேன்டி" என்றார். "எம் பொண்ணுக்கோசரம் நீ வேண்டிக்கினு கீறன்னு நெனச்சேன்."