மலையேறாத சாமி

மாரியம்மனைக் கும்பிடும் அன்பர்களே, நான் அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன். இரும்பைக் கடையத் தெரியும், எழுதத் தெரியாது. ஆனாலும் ஆத்தா எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

போன வருஷம் சித்திரையில் என் மாமியார் தவறிவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி செல்வி படுத்த படுக்கைதான். தலை சீவ மாட்டாள், அடுப்பைப் பார்க்க மாட்டாள். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால், "பசிக்கலைங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டு வாய் ஊட்டுவதற்குள் எனக்கே அழுகை வந்துவிடும். ஆனியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

ஆடி பிறந்ததும் செல்வி எழுந்தாள். எழுந்தவள் உட்காரவே இல்லை. கழுவிய வீட்டையே மறுபடி கழுவினாள். மூச்சுவிடாமல் பேசினாள். சிரித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று என்மேல் எரிந்து விழுவாள், அப்புறம் தேம்பித் தேம்பி அழுவாள். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. தெருவில் கூழ் ஊற்றிய வெள்ளிக்கிழமை, உடுக்கைச் சத்தம் கேட்டதும் கூட்டத்துக்கு நடுவே போய் ஆட ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரை ஊற்றி, சூடம் காட்டி, கையில் வேப்பிலையைக் கொடுத்துவிட்டார்கள். என் அக்கா அவள் காலிலேயே விழுந்தாள்.

"தம்பி, ஆத்தா நம்ம வீடு தேடி வந்துருக்காடா. அம்மை போட்டா மருந்து குடுப்போமா? அந்த மாத்திரையத் தூக்கி எறி" என்றாள்.

மறுநாளே வாசலில் குறி கேட்க எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் நின்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் அன்று சாயங்காலம் செல்வி அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்து, "எனக்கு உசுரோட இருக்கவே பிடிக்கலைங்க" என்றாள். எந்தத் தாய் தன் பிள்ளையை இப்படிப் பேச வைப்பாள்?

அக்காவோ, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் மாத்திரையை நிறுத்துவது, சிவப்பு வந்தால் தொடர்வது என்று முடிவானது. விடிந்ததும் மூன்று பேரும் வண்டியூர் தெப்பக்குளம் மாரியம்மனிடம் போனோம். அக்கா பொட்டலங்களை வைத்தாள். நான் கண்ணை மூடினேன். "தாயே, வந்திருப்பது நீ இல்லையென்றால் அவள் வாயாலேயே சொல்ல வை. எனக்கு என் செல்வி வேண்டும்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது இரண்டு பொட்டலமும் செல்வியின் கையில் இருந்தன.

"வேணாம் மதினி. எங்கய்யா சாமியாடி, சின்னப்புள்ளையிலருந்து பாத்துருக்கேன். சூடத்தக் காட்டுனா சாமி மலையேறிரும். அய்யா ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சுட்டு அசந்து தூங்குவாரு. எனக்கு எம்புட்டுச் சூடம் காட்டுனீங்க? இது மலையேறவே மாட்டேங்குதே! மாத்திரை போட்டதுக்கப்புறந்தான் இப்படி ஆட்டி வைக்கிது. ஆத்தா பேரச் சொல்லி நான் பொய் ஆட மாட்டேன்." என்னைப் பார்த்தாள். "என்னங்க, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

தெருவே காலில் விழும்போது, நான் சாமி இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதுவும் தன் மனமே தன் பிடியில் இல்லாத நேரத்தில்! அந்தத் தெளிவைக் கொடுத்தவள் என் ஆத்தாதான். அதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை.

சன்னதியிலிருந்து நேராக மருத்துவரிடம் போனோம். எல்லாவற்றையும், சாகத் தோன்றியதைக்கூட, செல்வியே மறைக்காமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்த மாத்திரை சில பேருக்கு மனசை இப்படித் தூக்கிப் போட்டுரும்மா. எல்லாருக்கும் வராது. நீங்களா நிறுத்தாம நேரா வந்து சொன்னீங்க பாருங்க, அதுதான் நல்லது" என்றார். பழைய மாத்திரையை மாற்றினார். கொஞ்ச நாள் ஆளைத் தனியாக விடவேண்டாம், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார். அக்கா மூட்டை முடிச்சோடு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரே நாளில் சரியாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்கம் வந்தது. கொந்தளிப்பு அடங்கியது.

அன்பர்களே, ஆத்தாவை நம்புங்கள். அவளை நம்பித்தான் செல்வி வாய் திறந்தாள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நடப்பதை மறைக்காதீர்கள். அவளைக் கும்பிட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். அவள் கூடவே வருவாள்.

இந்த ஆடியில் மாவிளக்குப் போட்டோம். எங்கள் தெருவில் மறுபடியும் உடுக்கை அடித்தது. வேறொரு அம்மாவுக்கு அருள் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த அம்மாவிடம் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பசிக்குதுங்க. கூழு தீந்துரப் போகுது, வாங்க."

எனக்கு அதுதான் அருள்வாக்கு.