ஏலம் கேட்ட வாய்

அறுபதுகளில், ராயபுரத்திலிருந்து நான் கல்லூரிக்குப் போன முதல் வருடம். "நஷ்டத்துக்குத் துணிந்தவனே தொழில் முனைவோன்" என்றார் பொருளாதார ஆசிரியர். அந்த ஒரு வரி என்னை உட்கார விடவில்லை.

மறுநாள் விடியற்காலை, மீன் விற்கும் என் அக்காவோடு கடற்கரைக்குப் போனேன். கட்டுமரம் கரையேறும் முன்பே, வலையில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஏலம் கேட்பது அங்கே வழக்கம். ஒரு கட்டுமரம் வந்தது. அக்கா வாயே திறக்கவில்லை.

"கேளுக்கா, பயந்துகினியா?"

"சும்மா இருடா. மரம் மெதந்துகினு வருது, பாரமே இல்ல."

துணிச்சல் இல்லாதவள் என்று நினைத்து, நானே கையைத் தூக்கி "பதினைந்து ரூபாய்!" என்று கத்தினேன். வேறு யாரும் கேட்கவில்லை. வலையைப் பிரித்தார்கள். விலைபோகாத சொறிமீனும் பாசியும்தான்.

மரக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னாம்மா, உன் தம்பி கேட்டுட்டானே?" என்றார் அக்காவிடம்.

"எங்க வூட்டு வாய்தானே கேட்டுச்சு" என்று அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அன்று விற்க அவளிடம் மீனும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. எனக்கோ வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

பரீட்சையில் தொழில் முனைவோன் பற்றிய கேள்விக்கு நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் இன்றும் துணிச்சலாக வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், முடிச்சை அவிழ்க்க யார் நிற்கிறார்கள் என்று.