பி என்றால் பின்பக்கம்

காலை ஏழேமுக்காலுக்குக் கொம்பனியில் இருந்து போன் கோல் வந்தது. வெம்பிளிப் பக்கம் ஆறேழு வருடத்துக்கு முன் எழும்பிய பதினாறு மாடிக் கட்டடம். லிப்ட் நின்றுவிட்டது. எட்டாம் மாடியில் ஒரு நோயாளி இறங்க முடியாமல் இருக்கிறார், அவரை டயாலிசிஸுக்கு ஏற்ற ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வான் வரும் என்றார்கள். ஜொப் ஷீட்டில் 'கோர் பி', அதாவது லிப்டும் படியும் உள்ள பி பகுதி, என்று இருந்தது.

பாரிஸில் இருந்து லண்டன் வந்து, பத்தொன்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து, அண்மையில்தான் ஓய்வு எடுத்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் 'மறக்கமுடியாத ஃபோல்ட் எது' என்று கேட்பார்கள். பெரிய பழுது ஒன்றுமில்லை, இதுதான்.

அதற்குமுன் இந்தக் கட்டடத்துக்கு வந்தபோதெல்லாம் போல முன்வாசலால் உள்ளே போனேன். தோல் சோபா, பூச்சாடி, எங்கிருந்தோ எலுமிச்சை வாசம். வரவேற்பு மேசையில் சிவம், கிங்ஸ்பரியில் இருந்து வேலைக்கு வருகிற நம் ஆள்.

"அண்ணை, இது ஏ. பி எண்டால் பின்பக்கம்."

"ஒரே கட்டடம்தானே?"

"ஓம். கதவுதான் ரெண்டு."

பின்பக்கம் என்றால் குப்பை அறைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு இரும்புக் கதவு. ஏ பக்கம் வீடு வாங்கியவர்கள். பி பக்கம் குறைந்த வாடகைக்குக் குடிவந்தவர்கள், அவர்கள் சாவி அந்தப் பின்கதவை மட்டுமே திறக்கும். கட்ட அனுமதி வாங்கும்போது இவர்களுக்கும் இடம் தருகிறோம் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், எந்தக் கதவால் என்று எழுதியிருக்க மாட்டார்கள். ஏ பக்க லிப்டில் பெரும்பாலும் வெள்ளையர், சீனர், இரண்டொரு வசதியான இந்தியர். பி பக்கத்தில் சோமாலியர், வங்காளிகள், நாங்கள். நிறம் பார்த்துப் பிரித்ததாக ஒரு தாளிலும் இராது, ஆனால் பிரிந்துதான் இருந்தார்கள்.

எனக்குக் கோபத்துக்கு முன்னால் விடுப்பு அறிகிற ஆசைதான் வரும். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று அப்போதே துருவிப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி ஒன்று. கரண்ட் ஒன்று. கூரை ஒன்று. இரண்டு லிப்டும் ஒரே மொடல், ஒரே லொறியில் வந்து இறங்கியவை. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு, எங்களைப் போன்ற வேலைக்காரருக்காக. அதன் சாவி என் கொத்தில் இருந்தது.

பி லிப்டில் டோர் போர்ட், கதவை இயக்கும் மின்பலகை, எரிந்திருந்தது. அது எரிந்தால் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் லிப்ட் ஓடாது. கொம்பனிக்குப் போன் அடித்தேன், புதுப் போர்ட் நாளைக்குத்தான் என்றார்கள். ஏ பக்கத்து மெஷின் ரூம் அலுமாரியில் ஒரு ஸ்பெயார் போர்ட் இருப்பது ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். பெட்டி பிரிக்காமல் இருந்தது, மேலே 'ஏ மட்டும்' என்று லேபிள். பார்ட் நம்பரை எரிந்ததோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை.

அந்த இடத்தில் ஒரு பிழை விட்டேன். போனில் மனேஜரைக் கேட்டேன். வெள்ளைக்காரப் பெண்மணி, கெட்டவர் அல்ல, காணும்போதெல்லாம் என் முழங்கால் நோவை விசாரிப்பவர். "அது ஏ பக்கத்தாருடையது. பி-க்குக் கொடுத்தால் அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், சொரி" என்றார். கேட்காமல் இருந்திருந்தால் 'வேண்டாம்' என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எட்டாம் மாடிக்குப் படியால் ஏறினேன். லிப்ட் வாசலில் கதிரை போட்டு, கோட்டும் போட்டு, பையை மடியில் வைத்தபடி ஒரு அம்மா இருந்தார். பெயர் தவமணி, அறுபது வயதிருக்கும், கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தம்பி, மெல்ல மெல்லப் படியால இறங்குவமோ? போனமுறை ஒருநாள் டயாலிசிஸை விட்டுப்போட்டு மூச்செடுக்க ஏலாமல் போச்சுது."

பயத்தைத் தணிக்க ஏதாவது பேசவேண்டும் என்று, நம்மவரைக் கண்டால் வாயில் வருகிற கேள்வியைக் கேட்டுவிட்டேன். "அக்கா எவடம்?" அது ஊர்ப்பெயருக்கான கேள்வி அல்ல, ஊரை வைத்து ஆள் என்ன சாதி என்று அறிகிற கேள்வி. எத்தனையோ பேர் என்னிடம் கேட்டு நான் முகம் சுளித்த கேள்வி.

"பி பக்கம், எட்டாம் மாடி" என்றார்.

"இல்லை, ஊரில..."

"விளங்கினது தம்பி. அங்க அதைக் கேட்டுத்தான் எந்த வாசலால விடுறதெண்டு பாத்தவை. இஞ்ச கேக்கத் தேவையில்லை, சாவியிலயே இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடுக்கதவைத் திறந்தேன். ஏ லிப்டை சேர்விஸ் சுவிட்சில் போட்டேன், அப்படிப் போட்டால் மற்ற மாடிகளில் யார் அழுத்தினாலும் நிற்காது. அக்கா லிப்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்துகொண்டார்.

கீழே கதவு திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கட்டடத்தில் ஐந்து வருடமாக இருக்கிறாராம், லொபியை ஒருநாளும் கண்டதில்லை.

"இதுவும் எங்கட கட்டடம்தானோ? ஒருக்கா இருந்து பாக்கட்டே?"

சோபாவில் அமர்ந்து அதன் தோலைக் கையால் தடவினார். சிவம் மேலே பார்த்து, "அண்ணை, கமெரா இருக்கு" என்றான். பிறகு அக்காவின் காலைப் பார்த்தான். "இருங்கோ அக்கா. வான் வந்தால் நான் சொல்லுறன்."

வான் போனபிறகுதான் அடுத்த யோசனை வந்தது. மூன்று மணிக்குத் திரும்பி வருவார், எப்படி மேலே ஏறுவது? மத்தியானம் மனேஜர் வந்துவிடுவார், இதே வித்தை இரண்டாம் முறை பலிக்காது. அலுமாரியைத் திறந்து ஸ்பெயார் போர்டை எடுத்து பி லிப்டில் பொருத்தினேன். மறுநாள் வந்த போர்டை அலுமாரியில் வைத்து, 'ஏ மட்டும்' லேபிளைப் பக்குவமாகக் கழற்றி அதில் ஒட்டினேன். அதற்காக இன்றுவரை ஏ பக்கத்தார் ஒருவருக்கும் தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை. கமெராவைப் பார்த்துவிட்டு லொபி விஷயத்துக்கு மட்டும் எனக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லேபிளை நம்பாதீர்கள், பார்ட் நம்பரைப் பாருங்கள்.

அன்று மூன்று மணிக்கு அக்கா களைத்துப்போய் வந்தார். நான் இரும்புக் கதவடியில் நின்று பெரிய சாதனை செய்தவன் மாதிரி பொத்தானை அழுத்திக் காட்டினேன்.

"திருத்தியாச்சு அக்கா."

திறந்த லிப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இனி அந்தப் பக்கத்தால போகேலாதோ?"

"ஏலாது அக்கா."

"சரி" என்று சொல்லி உள்ளே ஏறினார். லிப்ட் ஓடினால் என் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.